வெளியே அக்காவின் குரல்

பல்செட் என்ற பட்டப்பேரை அவனுக்கு வைத்தது அவனுடைய அக்காதான். பல் டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சுகளை வைத்துப் பொய்ப்பல் செய்வது அவன் தொழில். கடைத்தெருவின் பின்பக்கத்தில், ஒரு லாண்டரியை ஒட்டி, அவனுக்கு இரண்டு அறைகள் இருந்தன. முன்னறையில் வேலை. பின்னறையில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஆட்டம்.

ஆட்டம் என்றால் சீட்டாட்டம் இல்லை. ஒருவர் ஓர் உலகத்தைச் சொல்லிக்கொண்டே போவார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரமாகி, அந்த உலகத்துக்குள் தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். செய்ய நினைத்தது நடக்குமா நடக்காதா என்ற சந்தேகம் வந்தால் இருபது முகமுள்ள பகடையை உருட்டிப் பார்ப்பார்கள். உலகத்தைச் சொல்பவன் பல்செட். ஆட வருபவர்கள் மூன்றே பேர். அக்கா டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுத்தருபவள். பக்கத்து சீட்டிலிருந்து பிரேக் போட்டுப் போட்டு, பேச்சிலும் எல்லாரையும் நடுவில் நிறுத்துவது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. அவள் கணவர், அதாவது மாமா, கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். "கண்ணும் பல்லும் ஒரே குடும்பத்துல இருக்கு, காதுக்குத்தான் இன்னும் ஆள் கிடைக்கல" என்பது அவருடைய பழைய ஜோக். மூன்றாவது, நகர நூலகத்தில் குழந்தைகள் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் நெட்டைப் பெண். அவளை எல்லாரும் லைப்ரரி என்றே கூப்பிட்டார்கள்.

அதுவரை அவன் நடத்திய ஆட்டங்கள் எல்லாம் சிரிப்பில்தான் முடிந்தன. கடல் கொள்ளையர் கதையில் மாமா கத்திச் சண்டைக்கு நடுவே டீ கேட்டார். அரண்மனைக் கதையில் அக்கா ராஜாவுக்கு டிரைவிங் லைசென்ஸ் இருக்கிறதா என்று விசாரித்தாள். பல்செட்டும் சேர்ந்து சிரித்தான். ஆனால் வீட்டுக்குப் போகிற வழியில் மனசு ஆறாது. ஒரே ஒரு தடவையாவது இவர்கள் வாயடைத்துப்போய் உட்கார வேண்டும் என்று நினைப்பான்.

லைப்ரரி கொண்டுவந்து கொடுத்த ரஷ்ய நாட்டுப்புறக் கதைகள்தான் அவனுக்கு வழி காட்டின. பிளாஸ்டர் இறுகும்வரை காத்திருக்கும் இடைவெளிகளில் அவன் அவற்றைப் படித்தான். கொம்பும் பல்லும் முளைத்த பூதங்கள் அதில் அதிகமில்லை. வீட்டு அடுப்புக்குப் பின்னால் ஒருவன் குடியிருப்பான். அவன் பெயர் தோமவோய். மரியாதை கொடுத்தால் வீட்டைக் காப்பான். கொடுக்காவிட்டால் தூங்குபவர்களின் நெஞ்சில் ஏறி உட்காருவான். காட்டுக்கு ஒரு சொந்தக்காரன் உண்டு, அவன் லேஷி. வழி தெரிந்தவர்களையே வழி தவறவைப்பான். ஆற்றில் மூழ்கிச் செத்த பெண்கள் கரையில் உட்கார்ந்து தலை வாருவார்கள். கோழிக்கால்கள் மேல் நிற்கும் குடிசையில் ஒரு கிழவி இருப்பாள். அவள் நல்லவளா கெட்டவளா என்பது போகிறவன் எப்படிப் பேசுகிறான் என்பதைப் பொறுத்தது. பல்செட்டுக்கு ஒன்று புரிந்தது. அந்த ஜனங்கள் இவற்றைக் கண்டு ஓடவில்லை. இவற்றோடு ஒரே வீட்டில், வார்த்தையை அளந்து பேசிக்கொண்டு வாழ்ந்திருக்கிறார்கள். பயம் அங்கேதான் இருந்தது.

அதனால் அவன் பேயை வர்ணிக்கவில்லை. கட்டுப்பாடுகளைச் சொன்னான்.

"இந்த அறைக்குள்ள விசில் அடிக்கக் கூடாது. வாசப்படிக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் இந்தப் பக்கம் ஒருத்தர் நின்னு கை குலுக்கக் கூடாது. கிளம்பறதுக்கு முன்னாடி எல்லாரும் ஒரு நிமிஷம் பேசாம உட்காரணும்."

"எதுக்கு?" என்றாள் அக்கா.

"தெரியாது. அந்த ஊர்ல யாரும் கேட்கறதில்ல."

அந்தப் பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை என்பதைக் கவனித்தான். அப்போதே பாதி ஜெயித்துவிட்டதாக அவனுக்குத் தோன்றியது.

அட்டைப்பெட்டிகளை அடுக்கி வெள்ளையடித்து, மூலையில் பெரிய அடுப்பு ஒன்றைச் செய்தான். அதன் மேல் ஒரு துண்டு ரொட்டியும் கொஞ்சம் உப்பும் வைத்தான்; பின்னால் இருப்பவனுக்கு. கதையில் வரும் உருவங்களைப் பொய்ப்பல் செய்யும் பொருளிலேயே வார்த்தான். சாயம் பூச நேரமில்லாததால் குடிசை, கிழவி, ஓநாய் எல்லாமே ஈறின் ரோஸ் நிறத்தில் நின்றன. "இது பேயாடா, இல்ல யாரோட ஈறாவதா?" என்று அக்கா சிரித்தாள். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினான். ஜன்னலுக்குக் கனமான கறுப்புத் திரை போட்டான்.

ஆனாலும் ஜன்னலுக்கு மேலே இருந்த வென்டிலேட்டர் வழியாகத் தெருச் சத்தம் வந்துகொண்டேயிருந்தது. நடுக்காட்டில், ஓநாய் மூச்சுவிடுகிற இடத்தில், ஒரு லாரி ஹாரன் அடித்தால் என்ன செய்வது? ஒருநாள் வேலை முடிந்தபின் ஸ்டூல் போட்டு ஏறி, அந்தத் துவாரத்தில் அட்டை வைத்து, மேலே பல் பிளாஸ்டரைக் குழைத்துப் பூசினான். கைப்பழக்கத்தில் ஓரங்களை மேலண்ணம் மாதிரி வழவழப்பாக இழைத்துவிட்டான். இறங்கி நின்று கேட்டான். ஒரு சத்தமும் இல்லை.

குளிர் தொடங்கியிருந்தது. ஓட்டல்களின் படுக்கை விரிப்புகள் குவிந்ததால் லாண்டரிக்காரர் ஞாயிற்றுக்கிழமையும் பாய்லரை ஓட்ட ஆரம்பித்தார். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அடித்தொண்டையில் யாரோ முனகுவதுபோல ஒரு சத்தம் வந்தது. பல்செட் அதையும் சேர்த்துக்கொண்டான். "கேட்குதா? காடு மூச்சு விடுது" என்றான். மூன்று பேரும் ஒரே நேரத்தில் சுவரைப் பார்த்தார்கள்.

கதை இதுதான். பனி மூடிய ஒரு கிராமத்தில் குழந்தைகள் காணாமல் போகிறார்கள். ஒரு மருத்துவச்சி, ஒரு வேட்டைக்காரன், ஊர் ஊராகப் பாடிப் பிழைக்கும் ஒரு பெண் மூவரும் தேடிப்போகிறார்கள். மருத்துவச்சி அக்கா. வேட்டைக்காரன் மாமா. பாட்டுக்காரி லைப்ரரி. இவர்களில் யாரும் பனி விழுந்து பார்த்ததில்லை. ஆனால் பல்செட் மெதுவாகச் சொல்லச் சொல்ல, மாமா கைகளை அக்குளுக்குள் செருகிக்கொண்டார்.

"மாமா, குளிருதா?"

"குளிரல. நெஞ்சு மேல ஏதோ வெச்ச மாதிரி இருக்கு."

"அவன்தான்," என்றான் பல்செட், அடுப்பைக் காட்டி. "நெஞ்சுல உட்கார்ந்தா ஒண்ணு கேட்கணும். நல்லதுக்கா, கெட்டதுக்கான்னு. பதில் சொல்லுவான்."

மாமா வழக்கம்போல ஜோக் அடிக்கவில்லை. உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டார். என்ன பதில் வந்தது என்று அவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

வாரத்துக்கு வாரம் ஆட்டம் இறுகியது. லைப்ரரி, தன் பாட்டுக்காரி ஆற்றங்கரையில் நடக்கும்போது, காதுக்குப் பக்கத்தில் ஈரத் தலைமுடியைச் சீப்பால் வாரும் சத்தம் கேட்டது என்று சொல்லி அழுதுவிட்டாள். அழுதுவிட்டு, "சாரி, எனக்கே தெரியல" என்று சிரித்தாள். அக்கா பேச்சைக் குறைத்தாள். அடுப்புக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார மறுத்தாள்.

"ஏன்க்கா?"

"அங்க இடமில்ல."

நாற்காலி காலியாகத்தான் இருந்தது. பல்செட்டுக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாகவும் இருந்தது.

வீட்டுக்குப் போனபின் மூவருக்கும் தலைவலி. மாமா திங்கட்கிழமைகளில் லென்ஸைத் தவறான நம்பரில் தேய்த்துவிட்டு முதலாளியிடம் திட்டு வாங்கினார். "உன் கதை மண்டைக்குள்ளயே நிக்குதுடா," என்றார் போனில். "சாப்பாடு இறங்க மாட்டேங்குது. ஆனா ஞாயித்துக்கிழமை எப்போ வரும்னு இருக்கு." இதைவிடப் பெரிய பாராட்டு பல்செட்டுக்கு வாழ்க்கையில் கிடைத்ததில்லை. அவனுக்கும்தான் தலை வலித்தது. ஆட்டம் முடிந்து தனியாக உருவங்களை எடுத்து வைக்கும்போது அடுப்புக்குப் பின்னாலிருந்து யாரோ தன்னைப் பார்ப்பதுபோல இருக்கும். திரும்பிப் பார்க்காமல், "வர்றேங்க" என்று சொல்லிவிட்டுத்தான் விளக்கை அணைப்பான். தானே கட்டிய கதை தன்னையே பிடித்துக்கொண்டது என்று நினைத்தான். நல்ல கதை அப்படித்தான் செய்யும் என்றும் நினைத்தான்.

அந்த ஞாயிறு அவர்கள் கோழிக்கால் குடிசைக்குள் நுழைய வேண்டிய நாள். பல்செட் ஒரு புதிய விதி சேர்த்தான். குடிசைக்குள் கிழவி இல்லை. எரியும் அடுப்பு மட்டும் இருக்கிறது. விடியும்வரை உள்ளேயே இருந்தால் குழந்தைகள் எங்கே என்று அடுப்பே சொல்லும். வெளியே லேஷி சுற்றிக்கொண்டிருக்கிறான்.

"யாரோட பாத்திரம் குடிசையை விட்டு வெளிய போகுதோ, அவங்க நிஜமாவே இந்த அறையை விட்டு வெளிய போகணும். நான் உள்ள தாழ்ப்பாள் போட்டுடுவேன். அப்புறம் ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கங்க. லேஷி உங்க சொந்தக்காரங்க குரல்லதான் கூப்பிடுவான். அழுவான், கெஞ்சுவான், உங்களுக்கு மட்டும் தெரிஞ்ச விஷயமெல்லாம் சொல்லுவான். சேவல் கூவற வரைக்கும் திறக்கக் கூடாது."

சேவல் கூவும் சத்தத்தை அவன் போனில் வைத்திருந்தான். அதை எப்போது ஒலிக்கவிடுவது என்பது அவன் கையில்.

பாய்லர் காலையிலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மாமா மேஜைமேல் தலையைச் சாய்த்துக்கொண்டார். "வேட்டைக்காரன் தூங்கறான்," என்றார். அது ஆட்டமா நிஜமா என்று தெரியவில்லை. லைப்ரரி பகடையை உருட்டிவிட்டு, விழுந்த எண்ணைப் படிக்க முடியாமல் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் கன்னங்கள் ஓடிவந்த குழந்தையின் கன்னம்போலச் சிவந்திருந்தன.

"வெளிய குழந்தை அழற சத்தம் கேட்குது," என்றான் பல்செட். நாக்கு தடித்துப்போயிருந்தது. ஆனால் குரல் எவ்வளவு நன்றாக வருகிறது என்று தனக்குள் வியந்தான்.

அக்கா எழுந்தாள். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மருத்துவச்சி வெளிய போறா."

"அக்கா, யோசிச்சுக்கோ. போனா உள்ள வர முடியாது."

"குழந்தை அழறப்ப எந்த மருத்துவச்சிடா உள்ள உட்கார்ந்திருப்பா? எனக்கும் கொஞ்சம் காத்து வேணும். தலை வெடிச்சுடும் போல இருக்கு."

அவள் வெளியே போனதும் பல்செட் தாழ்ப்பாளைப் போட்டான். திரும்பி நாற்காலிக்கு வர அவனுக்கு வெகுநேரம் பிடித்ததுபோல இருந்தது.

வெளியே ஒரு குறுகலான நடை. அது பின்சந்தில் போய் முடிந்தது. அக்கா சந்துவரை போனாள்; சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். பின் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. ஆட்டத்தைத் தவிர வேறு எதையும் நினைக்க முடியாமல் கிடந்த தலைக்குள் மற்ற விஷயங்கள் ஒவ்வொன்றாக வந்தன. இன்று ஞாயிற்றுக்கிழமை. துணி துவைக்கப் போட்டுவிட்டு வந்தது. இந்தத் தலைவலி ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் வருகிறது. அதுவும் இந்த அறையில்தான் தொடங்குகிறது.

மேலே பார்த்தாள். லாண்டரியின் புகைக்குழாய் சுவருக்குள் புகுந்து பல்செட்டின் பின்னறை வழியாகப் போய்க் கூரைக்கு மேல் வெளிவந்திருந்தது. அதன் வாயிலிருந்து புகை சரியாக வரவில்லை. ஒரு நூல் மட்டும் வந்தது. பாய்லரோ முழு வேகத்தில் உறுமிக்கொண்டிருந்தது.

புதிதாக வரும் ஒவ்வொரு மாணவனிடமும் முதல்நாளே அவள் சொல்லும் வாசகம் ஒன்று உண்டு. மூடின ஷெட்டுக்குள்ள இன்ஜினை ஓடவிட்டுட்டு உட்காராதே. தூக்கம் வரும். தூங்கினா எழுந்திருக்க மாட்டே.

மேஜைமேல் சாய்ந்த கணவரின் தலை அவள் நினைவுக்கு வந்தது. ஓடினாள்.

"தம்பி! கதவைத் திற!"

உள்ளே பல்செட்டுக்கு அது கேட்டது. எவ்வளவு அழகாகச் செய்கிறாள் என்று நினைத்தான். இத்தனை வருஷத்தில் அக்கா இப்படி உயிரைக் கொடுத்து நடித்ததே இல்லை.

"டேய், திறடா! விஷவாயுடா! எல்லாரையும் வெளிய கூட்டிட்டு வா!"

லைப்ரரி பாதி மூடிய கண்ணோடு சிரித்தாள். "லேஷி," என்றாள். "அக்கா குரல்லயே வர்றான்."

"திறக்காதே," என்றான் பல்செட்.

கதவு அதிர்ந்தது. "என்னங்க! எழுந்திருங்க! உங்களைத்தான்! தம்பி, மாமாவை எழுப்புடா! ஆட்டம் இல்லடா, சத்தியமா ஆட்டம் இல்லடா!"

அப்படித்தான் லேஷி சொல்லுவான் என்று பல்செட் நினைத்தான். சத்தியம் பண்ணுவான். அழுவான். இப்போது அக்கா அழுதாள். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இருவரும் மட்டும் பேசிக்கொண்ட ஒன்றைச் சொன்னாள். அதைக் கேட்டதும் பல்செட்டுக்கு மெய் சிலிர்த்தது. இது லேஷியேதான் என்று உறுதியாகிவிட்டது. எழுந்து போய்ப் பார்க்கலாம் என்று ஒரு யோசனை எங்கேயோ தூரத்தில் வந்தது. ஆனால் நெஞ்சில் ஒரு பாரம். யாரோ மடிமேல் ஏறி, முழங்காலை விலாவில் ஊன்றி உட்கார்ந்திருப்பதுபோல.

"நல்லதுக்கா, கெட்டதுக்கா?" என்று கேட்டான்.

கழுத்துக்குப் பக்கத்தில் ஒரு மூச்சு பட்டது. சில்லென்று இருந்தது. அதன்பிறகு அவனுக்கு எதுவும் தெரியாது.

அக்கா லாண்டரிக்குள் ஓடினாள். கொதிக்கும் விரிப்புகளைக் கிளறி எடுக்கும் இரும்புக் கம்பியோடு நின்றுகொண்டிருந்த லாண்டரிக்காரரிடம், "பாய்லரை நிறுத்துங்க! கதவை உடைக்கணும்!" என்றாள். அவர் என்ன ஏதென்று கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததே போதுமாக இருந்தது. இருவரும் கம்பியைக் கதவிடுக்கில் செருகி நெம்பினார்கள். தாழ்ப்பாள் சட்டத்தோடு பிய்ந்து வந்தது. லாண்டரிக்காரர் வாயில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு முதலில் லைப்ரரியை இழுத்து வந்தார். அவள் சந்தில் கிடந்து இருமி இருமிக் கண் விழித்தாள். அடுத்து பல்செட். மாமாவைத்தான் நகர்த்த முடியவில்லை. அவர் மேஜைக்காலைக் கையால் வளைத்துப் பிடித்திருந்தார். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள் அக்கா. அவளுடைய உதட்டுச்சாயத்தைவிட அவருடைய உதடுகள் சிவப்பாக இருந்தன.

ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். லைப்ரரி மறுநாளே வீட்டுக்குப் போனாள். பல்செட் அதற்கடுத்த நாள் எழுந்து நடந்தான். மாமா கண் திறக்கவில்லை. ஐசியூ வாசலில் அக்கா உட்கார்ந்திருந்தாள். பல்செட் போய்ப் பக்கத்தில் நின்றான். அவள் எழுந்து அடுத்த வரிசை நாற்காலிக்குப் போய்விட்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

தீயணைப்பு அதிகாரி அவனைப் பின்னறைக்கு அழைத்துப்போனார். சுவருக்குள் ஓடிய புகைக்குழாய் எப்போதோ விரிசல் விட்டிருக்கிறது. கார்பன் மோனாக்சைடு அறைக்குள் கசிந்திருக்கிறது. நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. லாண்டரிக்காரர் குழாயைப் பழுதுபார்த்துப் பல வருஷமாகிறது, அதற்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும் என்றார். "ஆனா கோடைக்காலத்துலயும் கொஞ்சம் கசிஞ்சிருக்கும். உங்களுக்கு எப்படி ஒண்ணும் ஆகலன்னு யோசிச்சேன்." டார்ச் வெளிச்சம் ஜன்னலுக்கு மேலே போய் நின்றது. "அந்த ஓட்டை வழியா வெளிய போயிட்டிருந்திருக்கு. இதை யார் பூசினது?"

"நான்தான்."

அதிகாரி ஸ்டூலில் ஏறி விரலால் தடவிப் பார்த்தார். "வேலை சுத்தமா இருக்கு," என்றார். கேலியாகச் சொல்லவில்லை. அதனால்தான் பல்செட்டால் அங்கே நிற்க முடியவில்லை.

மயக்கம், தலைவலி, நெஞ்சழுத்தம், இல்லாததைப் பார்ப்பது, கேட்பது எல்லாமே அந்த வாயுவின் வேலை என்று டாக்டர் விளக்கினார். பல்செட் தலையாட்டினான். தான் ஒரு கதையும் சொல்லவில்லை, குழாய் சொல்லிய கதைக்கு வாயசைத்திருக்கிறோம் என்று அவனுக்குப் பட்டது.

மாமா பிழைத்தார். கைவிரல்களில் நடுக்கம் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. லென்ஸ் வேலைக்கு இனிப் போக முடியாது. கடைசிச் சில மாதங்கள் அவருடைய நினைவில் இல்லை. அக்காவின் பிறந்தநாள், வீட்டுக்கு வாங்கிய புது சோஃபா, கடையில் வாங்கிய திட்டு எதுவும் இல்லை. ஒன்று மட்டும் இருந்தது. காடு.

"அங்க பனி முழங்கால் வரைக்கும் இருக்கும்," என்று அவர் அக்காவிடம் சொன்னார். "மேல மட்டும் கெட்டியா, கால் வெச்சா பொதுக்குன்னு உள்ள போகும். மூக்கு முடியெல்லாம் உறைஞ்சு ஒட்டிக்கும்."

"அது தம்பி சொன்ன கதைங்க."

"கதையா? நான் போயிருந்தேனே."

பல்செட் பனியைப் பற்றி ஒருநாளும் மூக்கு முடி ஒட்டும் என்று சொல்லியிருக்கவில்லை. அக்காவுக்கும் அது தெரியும். டாக்டரிடம் கேட்டாள். நினைவில் ஓட்டை விழுந்தால் மூளை கையில் கிடைத்ததை வைத்து அடைத்துக்கொள்ளும், எதிர்த்துப் பேசாதீர்கள் என்றார் அவர்.

நாள் ஆக ஆக மாமா ஜன்னலோரம் உட்கார்ந்தபடி அங்கேயே போய்விட ஆரம்பித்தார். சமையலறையிலிருந்து அக்கா கூப்பிட்டால் திரும்பமாட்டார். அவள் வந்து தோளைத் தொட்டால் திடுக்கிட்டு, அவள் முகத்தை வெகுநேரம் உற்றுப்பார்த்து, "நீதானா?" என்பார். சாப்பிட உட்காரும்போது ரொட்டியில் ஒரு துண்டைக் கிள்ளித் தனியே வைப்பார். ஒருநாள் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். எங்கே என்று கேட்டதற்கு, "அங்க ஒருத்தரை விட்டுட்டு வந்துட்டேன்" என்றார்.

அன்றுதான் அக்கா தம்பிக்குப் போன் செய்தாள். சம்பவத்துக்குப் பிறகு அவள் அவனிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"நீ கூட்டிட்டுப் போன இடம். நீயே வந்து கூட்டிட்டு வா."

மொட்டை மாடியில் வைத்துக்கொள்ளலாம் என்று அவளே முடிவு செய்தாள். காலை வெயில் நன்றாக ஏறியிருந்தது. கொடியில் துணி படபடத்தது. கீழே தெருவில் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். பல்செட் ஒவ்வொரு ஹாரனுக்கும் உள்ளூர நன்றி சொன்னான். பகடை இல்லை, உருவங்கள் இல்லை, மேஜை இல்லை. மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள். மாமாவின் கையை அக்கா தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"மாமா, இப்போ எங்க இருக்கீங்க?"

"குடிசைக்கு வெளிய. கதவு உடைஞ்சு கிடக்கு." அவர் குரல் சாதாரணமாக இருந்தது. "நீயும் இருக்கியே."

"ஆமா, இருக்கேன். விடிஞ்சிடுச்சு மாமா. நாம கிளம்பறோம். முன்னாடி நான் போறேன், என் கால் தடத்துலயே வாங்க."

அவன் மெதுவாக நடத்திக்கொண்டு போனான். மரங்களை அடர்த்தியாகச் சொல்லவில்லை. சத்தம் எதையும் சேர்க்கவில்லை. கதை சொல்லும்போது தான் சேர்க்கும் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக விட்டுவிட்டுச் சொல்வது அவனுக்குப் பெரும்பாடாக இருந்தது, நெற்றி வியர்த்தது. மாமா நடுநடுவே நின்றார். "இங்க தடம் இல்லையே" என்றார். "இருக்கு, பாருங்க" என்றான் இவன். அக்கா அந்தக் கையைத் தட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில் மரங்கள் விலகின. சாலை தெரிந்தது.

"தார் ரோடா?" என்றார் மாமா.

"தார் ரோடுதான். கார் நிக்குது. அக்காதான் ஓட்டறா."

மாமாவின் முகத்தில் பழைய சிரிப்பு லேசாக வந்தது. "அப்போ சீட் பெல்ட் போட்டுக்கறேன்." அக்கா முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பின் அவர் சிரிப்பை நிறுத்தினார். "கொஞ்சம் இரு. நான் ரோட்டுலயே நிக்கறேன். நீ உள்ள போய் ஒரு தடவை பார்த்துட்டு வா. அந்த ஆள் இன்னும் அங்கதான் இருக்காரு. விட்டுட்டுப் போனா பின்னாடியே வருவாரு."

"யாரு மாமா?"

"நீ திறக்காதேன்னு சொன்னப்போ, உன் மடியில உட்கார்ந்திருந்தாரே."

வெயிலில் உட்கார்ந்திருந்த பல்செட் குனிந்து தன் மடியைப் பார்த்தான். நெஞ்சில் ஏறிய பாரத்தைப் பற்றி அவன் டாக்டரிடம்தான் சொல்லியிருந்தான். மடியைப் பற்றியும் விலாவில் ஊன்றிய முழங்காலைப் பற்றியும் டாக்டரிடம்கூடச் சொல்லவில்லை. அக்காவைப் பார்த்தான். அவளும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்புக்குப் பக்கத்து நாற்காலியைப் பார்த்த அதே பார்வை.

"போ," என்றாள் அக்கா மெதுவாக. "போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லு."

அவன் கண்ணை மூடினான். திரும்பவும் மரங்களுக்குள் போனான். இதுவரை எந்த ஆட்டத்திலும், அடுத்து என்ன வரப்போகிறது என்பது தெரியாமல் அவன் ஓர் இடத்துக்குள் நுழைந்ததில்லை. குடிசை இருந்தது. கதவு சட்டத்தோடு பிய்ந்து கிடந்தது. அடுப்பு அணைந்திருந்தது. அதன் பின்னால் பார்க்க வேண்டும். கொடியில் துணி ஒருமுறை ஓங்கி அடித்தது. அவன் உடம்பு தூக்கிப்போட்டது.

"என்ன?" என்றார் மாமா. "இருக்காரா?"

பல்செட் கண்ணைத் திறந்தான்.

"யாரும் இல்ல மாமா," என்றான். "நல்லாப் பார்த்துட்டேன். யாரும் இல்ல."

மாமா பெருமூச்சு விட்டுக் காரில் ஏறிக்கொண்டார். அக்கா அவரைக் கைத்தாங்கலாக எழுப்பி, படியில் ஒவ்வொரு காலாக வைக்கச் சொல்லிக் கீழே கூட்டிப்போனாள். அன்றிலிருந்து அவர் காட்டைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார். மெல்ல மெல்ல, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவும் ஆரம்பித்தார்.

நாற்காலிகளை மடக்கிக் கொண்டுவரச் சொல்லிக் கீழிருந்து அக்கா குரல் கொடுத்தாள். பல்செட் உடனே எழுந்திருக்கவில்லை. அடுப்புக்குப் பின்னால் போய்ப் பார்க்க அவனுக்குத் தைரியம் வந்திருக்கவில்லை.